ஏழாவது லயத்தின் பன்னிரண்டு சீட்டுகள்

அத்தியாயம் 14

மேசைமேல் தொண்ணூற்றாறு சீட்டுகள் இருந்தன. எண்பத்து நான்கில் இரண்டிரண்டு கையெழுத்துகள். மீதிப் பன்னிரண்டில் ஒன்றே ஒன்று.

அந்தப் பன்னிரண்டையும் செல்லத்துரை தனியே பிரித்தெடுத்து, தம்பி மனைவி முத்துப்பேச்சியின் பக்கம் நகர்த்தினான்.

“போட்டுரு பேச்சி.”

“என்னத்தப் போடச் சொல்றீக மச்சான்?”

“சோதனை சரின்னு எழுதி, நேத்துத் தேதியப் போட்டு, கீழ உன் கையெழுத்து. பத்து நிமிசத்து வேலை.”

“அந்த வீடுகளுக்குள்ள நான் இன்னும் காலே வைக்கல.”

“அதனாலதான் நேத்துத் தேதிங்கறேன்.”

முத்துப்பேச்சி சிரிக்கவில்லை.

மேல்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் ஆள்கணக்கு எடுக்கும் மஸ்டர் ஷெட்டை ஒட்டி, வயரிங் கம்பெனிக்கென்று ஒதுக்கிக் கொடுத்த சின்ன அறை அது. எழுபத்து நாலாம் வருடம், பிப்ரவரி மாதம், காலை எட்டு மணி. கொழுந்துக்காரப் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் தலையசைத்தால், வரிசைக்குப் பன்னிரண்டு வீடாக ஆட்கள் குடியிருக்கும் எட்டு லயத்துக்கும் இன்று சாயங்காலமே கரண்டு. எஸ்டேட்டின் மற்ற ஐந்து டிவிஷன் வேலையும் கந்தப்பன் எலக்ட்ரிக்கல் ஒர்க்ஸுக்கே என்று மானேஜர் துரை வாக்குக் கொடுத்திருந்தார். தலையசைக்காவிட்டால், சூரியநெல்லி பஜாரில் மாட்டியிருக்கும் கம்பெனி போர்டைக் கழற்றிவைக்க வேண்டியதுதான்.

போர்டில் இருக்கும் கந்தப்பன், முத்துப்பேச்சியின் மாமனார். பள்ளிவாசல் பவர் ஹவுஸில் வயர்மேனாக இருந்து, வேலையை விட்டுவிட்டு இரண்டு மகன்களோடு கம்பெனி தொடங்கியவர். மூத்தவன் செல்லத்துரையிடம் சூப்பர்வைசர் பெர்மிட் இருந்தது. அதை வைத்துத்தான் வேலைகள் கிடைத்தன. இளையவன் நல்லமுத்து ஏணியில் ஏறி வயர் இழுக்கிறவன். அவன் மனைவி முத்துப்பேச்சி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். கடிதம் எழுதத்தான் கம்பெனி ஆபீஸுக்குள் வந்தாள்.

எல்லாம் ஒன்றரை வருடத்துக்கு முந்தைய அடைமழையில் மாறிப்போனது. கம்பெனி வயரிங் செய்து கொடுத்திருந்த வேறொரு எஸ்டேட்டில், மூக்கம்மாள் என்ற கொழுந்துக்காரி, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அடுப்படி பல்பைக் கழற்றப் போனாள். அப்படியும் கரண்டு அவளைத் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தாள்; வலது கையில் இரண்டு விரல்கள் கருகிப்போயின. அந்த வீட்டு வேலை சுவக்கீன் என்ற வயர்மேனுடையது என்றார்கள். அவனை அன்றே அனுப்பிவிட்டார்கள்.

மூக்கம்மாளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த முத்துப்பேச்சி, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த மெக்கர் பெட்டியைக் கீழே இறக்கினாள். கைப்பிடியைச் சுற்றினால் வயரில் கோளாறு இருக்கிறதா என்று முள் காட்டும் கருவி அது. கூடவே இருந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். பிறகு வீட்டுக்கு ஒரு சீட்டு என்று ஆரம்பித்தாள். இந்த வீட்டில் வயர் இழுத்தவர் யார், சோதித்தவர் யார், என்ன கோளாறு, யார் திருத்தினார். விதி ஒன்றுதான்: தான் செய்த வேலையைத் தானே சோதிக்கக் கூடாது.

செல்லத்துரை கேலி செய்தான். மாமனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆனாலும் ஒன்றரை வருடமாகச் சீட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஏழாவது லயம் வரைக்கும்.

அந்த லயத்தின் பன்னிரண்டு வீடுகளும் கந்தப்பனின் கைவேலை. மூக்கம்மாள் விபத்துக்குப் பிறகு, இடுப்புவலி என்று ஏணியைத் தொடாமல் இருந்தவர், ஆள் பற்றவில்லை என்றதும் இந்த வேலைக்குத் தானே கிளம்பி வந்தார். முடித்தும் கொடுத்தார். சோதிக்க மட்டும் விடவில்லை. மூன்று நாளாக முத்துப்பேச்சி போவதும், அவர் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்புவதுமாக இருந்தது.

“அப்பா வேலையில என்ன கோளாறு வரப்போகுது?” என்றான் செல்லத்துரை. அவன் குரல் இறங்கியிருந்தது. “பவர் ஹவுஸுலயே அவர் வேலையக் காட்டித்தான் மத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தாக. நீ அங்க போயி மெக்கரைச் சுத்துனா, இந்த வயசுல அவருக்கு அது என்ன மாதிரி இருக்கும்னு நெனச்சுப் பாத்தியா?”

“நெனச்சேன் மச்சான். அந்தப் பன்னிரண்டு வீட்டுல இருக்கறவுகளையும் நெனச்சேன்.”

சீட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டாள். மெக்கர் பெட்டியைத் தோளில் மாட்டினாள்.

“பேச்சி, நான் சொல்றதக் கேளு.”

“எழுதணும்னா சோதிக்கணும். ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு மச்சான்.”

ஏழாவது லயம் சரிவின் கீழ்க்கோடியில் இருந்தது. கந்தப்பன் வெறும் வயர் உருளை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, லயத்து முகப்பில் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். மருமகள் தோளில் பெட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“எங்க கெளம்பிட்ட?”

“சோதிக்க வந்தேன் மாமா.”

“முப்பது வருசமா கரண்டோட பொழங்குறவன் நான். ஒரு ரீப்பர் கோணலாப் போயிருக்கா, ஒரு கிளிப்பு வெலகியிருக்கா, பாரு. பாத்துட்டுப் போ. பெட்டியத் தொறக்காத.”

அவர் சொன்னது உண்மைதான். சுவரில் வயரைத் தாங்கும் தேக்குச் சட்டங்கள், அந்த ரீப்பர்கள், நூல் பிடித்த மாதிரி ஓடின. மற்ற லயங்களில் நல்லமுத்துவும் ஆட்களும் செய்தது இதன் பக்கத்தில் நிற்காது.

“அழகாத்தான் இருக்கு மாமா. உள்ள எப்படி இருக்குன்னு முள்ளுதான் சொல்லணும்.”

“என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?”

“சுவக்கீனும் அன்னைக்கு இதையேதான் கேட்டாரு.”

சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னாள். ஆனால் கந்தப்பன் முகம் சட்டென்று செத்துப்போனது. உருளையைக் காலால் ஒதுக்கிவிட்டு வழிவிட்டார்.

முத்துப்பேச்சிக்கு அது என்னவோ போலிருந்தது. நின்று கேட்க நேரமில்லை.

முதல் வீடு சரி. இரண்டு, மூன்று, சரி. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டே விளக்கு. முன்னறையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. நாலாவது வீட்டில் சந்தனமேரி இருந்தாள். பிரசவ லீவில் இருந்தவள், இருபது நாள் பிள்ளையை இடுப்புத்துணியில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“கரண்டு வர்றதுக்கு முந்தியே இத்தனை பேரு வந்து போறீகளே, கரண்டு வந்தா தெனமும் விருந்தா?”

“கரண்டு ஒழுங்கா வரணும்னுதான் வர்றோம் மேரி.”

முன்னறை சரியாக இருந்தது. நீள வயரை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். ஜன்னல் இல்லாத அடுப்படி. புகை படிந்து சுவரும் கூரையும் ஒரே கறுப்பு. ஒரு முனையை மெயினில், கரண்டு வரும் சிவப்பு வயரில் மாட்டியிருந்தாள். மறுமுனையைச் சுவிட்சில் வைத்து மெக்கரைச் சுற்றினாள். முள் கீழே வந்து பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

முள் அசையவில்லை.

மெக்கரில்தான் கோளாறு என்று நினைத்தாள். இரண்டு முனைகளையும் சேர்த்துவைத்துச் சுற்றினாள். முள் ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்தது. திரும்பச் சுவிட்சில் வைத்தாள். அசையவில்லை.

சுவிட்சு மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாள். சிவப்பு வயர் வரவேண்டிய இடத்தில் கறுப்பு வயர் இருந்தது.

கரண்டு முதலில் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்துதான் பல்புக்குப் போக வேண்டும். இரண்டு வயரும் இடம் மாறிவிட்டால் விளக்கு எரியும், அணையும். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் பல்பு மாட்டும் ஹோல்டரில் கரண்டு நிற்கும். மூக்கம்மாளைத் தூக்கி எறிந்ததும் இதேதான்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றாள் சந்தனமேரி.

“ஒண்ணுமில்ல மேரி. அடுப்படியில எதையும் தொடாத.”

ஆறாவது வீட்டு அடுப்படியிலும் அதே. ஒன்பதாவது. பதினொன்றாவது. மற்ற எட்டிலும் எல்லாம் சரி. நாலு வீட்டிலும் முன்னறை சரி, அடுப்படி மட்டும் தப்பு.

பதினொன்றாவது வீட்டு அடுப்படிக்குத் திரும்பி வந்து, டார்ச்சை அணைத்துவிட்டு வயரைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கே வயரின் நிறம் மங்கலாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சிவப்பு சிவப்பாகவும் கறுப்பு கறுப்பாகவும் பிரிந்தன.

உற்றுப் பார்த்தும் பிரியாத கண்ணாக இருந்தால்?

வெளியே போய்க் கூப்பிட்டாள்.

“மாமா, கொஞ்சம் உள்ள வாங்க.”

கந்தப்பன் குனிந்து உள்ளே வந்தார். முத்துப்பேச்சி பையிலிருந்து இரண்டு துண்டு வயரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இதுல சிவப்பு எது மாமா?”

அவர் இரண்டையும் விரலால் தடவினார். முகத்துக்கருகே கொண்டுபோனார். பிறகு வாசல் வெளிச்சத்தை நோக்கி ஒரு அடி எடுத்துவைத்தார்.

“இங்கயே சொல்லுங்க.”

எடுத்துவைத்த கால் நின்றது.

“தெரியல தாயி” என்றார்.

எட்டு வருடமாக அந்த வீட்டில் வாழ்கிறாள். மாமனார் “தெரியல” என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

“எத்தனை நாளா மாமா?”

“ரெண்டு வருசம் இருக்கும். வெயில்ல நல்லாத் தெரியுது. இருட்டுல, புகையில எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. கண்ணுல பொரை விழுந்திருக்குன்னு போடிநாயக்கனூரு டாக்டரு சொன்னாரு. ஆப்பரேசனுக்குப் பயந்துக்கிட்டு யாருட்டயும் சொல்லல.” நிறுத்தினார். “மூக்கம்மா வீட்டு முன்னறையத்தான் சுவக்கீன் செஞ்சான். அடுப்படி நான் செஞ்சது.”

முத்துப்பேச்சியின் கையிலிருந்த டார்ச் தரையில் விழுந்தது.

“அன்னைக்கு ஏன் மாமா சொல்லல?”

“அந்த வீடு யாரு செஞ்சதுன்னு செல்லத்துரை கேட்டான். சுவக்கீன் பேரச் சொன்னாக. அடுப்படிய யாரு செஞ்சதுன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் வாயத் தொறக்கல.”

“ஒன்றரை வருசம்! அந்த மனுசன் பொஞ்சாதி பிள்ளைகளோட சக்குபள்ளத்துல ஏலக்கா மூட்டை தூக்கிக்கிட்டு இருக்காரு. பஸ் ஸ்டாண்டுல என்னையப் பாத்தாக்கூட தலையக் குனிஞ்சுக்கிறாரு!”

“தெரியும் தாயி.”

“தெரிஞ்சுக்கிட்டே மறுபடி இந்த லயத்துக்கு வந்து ஏணியில ஏறுனீகளே?”

“ஏதோ ஒருதரம் கை தவறிப்போச்சுன்னு நெனச்சேன். அப்படி நெனச்சாத்தான் சோறு எறங்குச்சு. இந்தப் பன்னிரண்டையும் தப்பில்லாமச் செஞ்சுட்டா, அதுவும் கைத்தவறுதான்னு ஆயிரும்னு...” முடிக்கவில்லை. “நீ வந்து முள்ளப் பாத்து இல்லன்னு சொல்லிருவியோன்னுதான் மூணு நாளா உன்னைய உள்ள விடல.”

அவளுக்குக் கோபமும் வந்தது, அவர் நின்ற நிலையைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று டார்ச்சைக் குனிந்து எடுத்தாள்.

அப்போதுதான் நல்லமுத்து மூச்சு வாங்க ஓடிவந்தான்.

“பேச்சி! ஆபீஸுக்குப் போன் வந்துச்சு. இன்ஸ்பெக்டர் ஜீப்பு சின்னக்கானலைத் தாண்டிருச்சாம். இன்னும் அரை மணி நேரத்துல இங்க இருப்பாரு!”

“ரெண்டு மணின்னாகளே!”

“முன்னாடியே கெளம்பிட்டாரு.”

அவன் பின்னாலேயே செல்லத்துரையும் வந்தான். முத்துப்பேச்சி சுருக்கமாகச் சொன்னாள். நாலு அடுப்படி, வயர் மாறியிருக்கிறது, மாமாவுக்குக் கண்ணில் புரை. சுவக்கீன் விஷயத்தைக் கந்தப்பனே சொன்னார். செல்லத்துரை சுவரைப் பிடித்துக்கொண்டான். சுவக்கீனை வெளியே அனுப்பியவன் அவன்தான்.

ஆனால் அவன் காரியக்காரன். மறு நிமிடமே நிமிர்ந்தான்.

“முதல்ல நாலையும் மாத்துவோம். பேச்சி, அந்த நாலு சீட்டையும் கிழிச்சுப்போடு. புதுசா எழுது. இன்னைக்குத் தேதியில தவறுன்னு எழுதின சீட்டு இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டுச்சு, நாம தொலைஞ்சோம்.”

“கிழிக்க மாட்டேன் மச்சான்.”

“ஏ, திருத்தத்தான போறோம்!”

“திருத்தினதையும் எழுதுவேன். தவறு இருந்ததையும் எழுதுவேன். அன்னைக்கு மூக்கம்மா வீட்டுக்கு ஒரு சீட்டு இருந்திருந்தா சுவக்கீன் போயிருக்க மாட்டாரு.”

“இது கம்பெனியோட உசிரு பேச்சி!”

“கிழிக்காத” என்றார் கந்தப்பன்.

மூவரும் திரும்பினார்கள்.

“நான் சொல்றேன், கிழிக்காத. வயர் இழுத்தது கந்தப்பன். தவறு செஞ்சது கந்தப்பன். அப்படியே எழுது. திருத்தினதும் கந்தப்பன்னு எழுதணும். ஏணியக் கொண்டா நல்லமுத்து.”

நல்லமுத்து ஏணியைப் பிடித்துக்கொள்ள, கந்தப்பன் ஏறினார். முத்துப்பேச்சி கீழே நின்று டார்ச் அடித்தாள்.

“சிவப்பு உங்க வலது கையில இருக்கு மாமா.”

“ம்.”

“அதை மேல் திருகாணிக்குக் கொண்டுபோங்க. கறுப்பு இடது கையிலயே இருக்கட்டும்.”

“ம். முடுக்கவா?”

“முடுக்குங்க.”

அந்தக் கைகளுக்குக் கண் தேவைப்படவில்லை. நிறம் மட்டும்தான் தேவைப்பட்டது. ஒரு அடுப்படிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலும் முடிந்ததும் அவள் மறுபடி மெக்கரைச் சுற்றினாள். நாலு முறையும் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. சந்தனமேரியின் வீட்டில் கடைசிச் சீட்டை எழுதி முடிக்கையில் மேலே ரோட்டில் ஜீப் ஹாரன் கேட்டது.

இன்ஸ்பெக்டர் குரியாக்கோஸ் கோட்டயத்துக்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றாகத்தான் புறப்படும். எஸ்டேட் மானேஜர் நீட்டிய காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகச் சீட்டுகளை வாங்கினார். நின்றபடியே புரட்டினார். ஏழாவது லயத்தில் அவர் கை நின்றது.

“இது ஆராணு எழுதினது?”

“நான்தான் சார்.”

கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “தவறு என்று எழுதியிருக்கே. இன்றைய தேதி.”

“ஆமா சார். காலையில சோதிச்சேன். நாலு அடுப்படியில வயர் மாறியிருந்துச்சு. திருத்தி மறுபடி சோதிச்சாச்சு.”

மானேஜர் முகம் சுருங்கியது. செல்லத்துரை தரையைப் பார்த்தான்.

“மொத்தம் தொண்ணூற்றாறு வீட்டில் எத்தனை தவறு?”

“பதினேழு சார்.” அவள் சீட்டைப் பார்க்காமலே சொன்னாள். “வயர் மாறினது நாலு. எர்த் லூசா இருந்தது எட்டு. வயர் தோல் உரிஞ்சு சுவர் ஈரத்துல பட்டது அஞ்சு. எல்லாம் திருத்தியாச்சு.”

“பதினேழா?” மானேஜர் செல்லத்துரையின் பக்கம் திரும்பினார். “பதினேழு தவறு வைத்துக்கொண்டா மிஸ்டர் என்னிடம் வேலை கேட்டீர்கள்?”

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஜீப்பிலிருந்து தன் மெக்கரை எடுத்துவரச் சொன்னார்.

அப்புறம் மூன்று மணி நேரம் அந்த மனிதர் யாரையும் உட்காரவிடவில்லை. முதலில் அந்த நாலு அடுப்படிக்குப் போனார். மூடிகளைத் தானே கழற்றினார், வயரை இழுத்துப் பார்த்தார். பிறகு, “சரி என்று மட்டும் எழுதிய சீட்டுதான் எனக்குச் சம்சயம்” என்று சொல்லி, மற்ற லயங்களில் தன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு வீடாகக் கைகாட்டினார். இரண்டாவது லயத்தில் ஐந்து. ஐந்தாவதில் எட்டு. எர்த் குழிகளில் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பார்த்தார், ஊற்றாமலும் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் முத்துப்பேச்சி சீட்டில் எழுதியிருந்ததும் அவருடைய முள் காட்டியதும் ஒன்றாகவே இருந்தன.

முப்பத்தோராவது வீட்டில் மெக்கரை மூடினார்.

“மதி, போதும்” என்றார்.

மஸ்டர் ஷெட்டுக்குத் திரும்பியதும் ஒரு கேள்வி கேட்டார். “ஏழாவது லயத்தில் வேலை செய்த கந்தப்பன் ஆரு?”

கந்தப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை, நிமிர்ந்தே நின்றார்.

“நான்தானுங்க சார். எனக்குக் கண்ணுல பொரை விழுந்திருக்கு. மறைச்சேன். முந்தி ஒரு எஸ்டேட்டுல என் தப்பால ஒரு பொம்பளைக்குக் கை போச்சு. அந்தப் பழிய இன்னொருத்தன் சொமந்தான். இனிமே நான் ஏணியில ஏற மாட்டேன். ஆனா இங்க ஒரு வீட்டுலயும் இப்பத் தப்பு இல்ல. அது என் மருமக சோதிச்சதுங்க.”

முத்துப்பேச்சி நல்லமுத்துவின் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் மானேஜரிடம் திரும்பினார்.

“பதினேழு தவறு என்று கோபப்பட்டீங்களே சாரே. போன மாசம் ஒரு எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கடலாசில், எழுதிக் கொடுத்த தாளில், ஒரு தவறும் இல்லை, எல்லாம் சரி என்று எழுதியிருந்தது. நான் போனது இன்ஸ்பெக்‌ஷனுக்கு அல்ல. சாவு விசாரிக்க.” சீட்டுக் கட்டை மேசையில் வைத்தார். “இங்கே பதினேழு வீட்டில் ஆள் பிழைச்சிருக்கு. அப்படிக் கணக்குப் பண்ணுங்க.”

பேனாவை எடுத்து அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

முதலில் கத்தியது நல்லமுத்துதான். அப்புறம் ஏணி பிடித்த ஆட்கள், குழி வெட்டிய ஆட்கள் எல்லாரும். கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் என்னவென்று தெரியாமலே சேர்ந்து குலவையிட்டார்கள். மானேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மற்ற ஐந்து டிவிஷனும் உங்களுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தச் சீட்டு வேண்டும்” என்றார். செல்லத்துரை கும்பிட்டான்.

கந்தப்பன் மகன்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டார். “நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு நான் சக்குபள்ளம் போறேன். சுவக்கீன் கால்ல விழுந்தாவது கூட்டிக்கிட்டு வந்துருவேன். அவன் வந்த பெறகுதான் ஆசுபத்திரி.”

ஆறு மணிக்கு ஃபேக்டரி டிரான்ஸ்ஃபார்மரில் சுவிட்சைப் போட்டார்கள். மலைச்சரிவில் முதல் லயம் பளிச்சென்றது, பிறகு இரண்டாவது, மூன்றாவது. பெண்கள் வீட்டுக்கு வீடு ஓடி, அடுத்த வீட்டு விளக்கையும் போட்டு அணைத்துப் பார்த்தார்கள். சந்தனமேரி முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துத் தன் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளையின் குட்டி விரலைத் தன் விரலோடு சேர்த்துச் சுவிட்சில் வைத்து அழுத்தினாள்.

வெளிச்சத்தில் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தவள், “ஐயய்யோ! இவ்வளவு கரியா! இதுலயா நான் சமைச்சேன்?” என்று கத்தினாள். முத்துப்பேச்சி அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆபீஸ் அறைக்குத் திரும்பியபோது செல்லத்துரை மட்டும் இருந்தான். மேசைமேல் அச்சடித்த தாள் ஒன்று கிடந்தது.

இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது ஜீப்பிலிருந்தபடி அவளைக் கூப்பிட்டு, “பெர்மிட் உண்டோ?” என்று கேட்டிருந்தார். இல்லை என்றதும் ஃபைலிலிருந்து அந்த மனுவை உருவிக் கொடுத்தார். “சூப்பர்வைசர் பரீட்சை. ஏப்ரலில், எறணாகுளத்தில். ஒரு வருஷம் வேலை பார்த்ததற்கு, பெர்மிட் உள்ள ஆள் ஒப்பு இடணும். அது மட்டும் மதி” என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார்.

கம்பெனியில் பெர்மிட் உள்ள ஆள் ஒருவன்தான்.

செல்லத்துரை தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். அவன் தலைக்கு மேலே புது பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“இதுல நான் கையெழுத்துப் போட்டா, ஏப்ரலுக்குப் பெறகு இந்தக் கம்பெனி நடக்க என் பெர்மிட்டு வேணும்னு இல்ல. அது தெரியுமா பேச்சி?”

“தெரியும் மச்சான்.”

“தெரிஞ்சுதான் மேசையில வச்சுட்டுப் போனியா?”

“ஆமா. ஒளிச்சு வைக்கத் தோணல.”

வெளியே குலவைச் சத்தம் எட்டாவது லயத்துக்குப் போய்விட்டிருந்தது. செல்லத்துரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டை ஒருதரம் விரலால் தடவிப் பார்த்தான்.



பேனா முனை தாளைத் தொட்டது. எழுதவில்லை, எடுக்கவும் இல்லை. நீல மை ஒரு புள்ளியாக இறங்கி, மெல்லப் பரவத் தொடங்கியது.